ஹப் வழியாக 4ஜி மோடம்: அடிக்கடி துண்டிக்கிறது

போர்டு ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ (உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கணினி), இடம் பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பு. டேட்டாவுக்கு ஒரே மைக்ரோ யுஎஸ்பி போர்ட் என்பதால் ஓடிஜி கேபிளில் (மைக்ரோ போர்ட்டில் யுஎஸ்பி சாதனங்களை இணைக்க உதவும் கேபிள்) ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் ஹப் மாட்டி, அதில் 4ஜி மோடமும் கேமராவும் சொருகியிருக்கிறேன். இரண்டு வாரமாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை மோடம் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. கெர்னல் பதிவில் (இயங்குதளத்தின் உள்பதிவு) 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' மட்டும்தான்.

5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், குட்டையான தடித்த கேபிள் மாற்றியாயிற்று. சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்டையும் நிறுத்திவிட்டேன். மின்னழுத்தக் குறைவைக் கண்டு எச்சரிக்கும் வசதி இந்தப் போர்டில் இல்லை. ஹப் இல்லாமல் மோடத்தை நேரடியாக மாட்டினால் நாள் முழுக்க இணைப்பு அறுவதில்லை! சிக்னல் மங்கி 2ஜிக்கு இறங்கும் கணத்தில் மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஹப்பின் மெல்லிய கம்பியில் வோல்டேஜ் விழுகிறது என்றே நினைக்கிறேன்.

ஹப்புக்குத் தனி அடாப்டர் கொடுத்தால், மின்சாரம் போர்டுக்குள் திரும்பப் பாயாமலிருக்க ஓடிஜி கேபிளின் சிவப்புக் கம்பியை (5 வோல்ட் வரும் கம்பி) வெட்டினாலே போதுமா, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு போட வேண்டுமா?