அப்பாவைக் கதைக்க வைப்பது நல்லதா?

வன்னிமகள் (சூரிச்):
அப்பா 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தவர். ஆகஸ்ட் 1, சுவிஸ் தேசிய தினத்தில் வாணவேடிக்கை தொடங்கினால் ஷட்டரை இறக்கி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, ஜன்னல் இல்லாத நடையில் போய் உட்கார்ந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் வேலை, வேலைதான். கேட்டால், "அதை ஏன் பிள்ளை கிளறுறாய்?" டொக்டர் பிடிஎஸ்டி (பயங்கர அனுபவங்களுக்குப் பிறகு வரும் மனநோய்) என்று சொல்லி சிகிச்சைக்கு எழுதித் தந்திருக்கிறார். கிளறினால் இன்னும் மோசமாகாதா?

குமரன்:
இப்படியான அமர்வுகளில் மொழிபெயர்க்கிறேன். வேலையில் மூழ்குவதைக் குறை சொல்லாதீர்கள். அவரை இவ்வளவு காலம் நிமிர்த்தி வைத்திருப்பது அதுதான். ஆனால் ஒதுக்கி ஒதுக்கி வைத்தால் நினைவு ஆறாது. அகதிகளுக்கென்று ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறை இருக்கிறது. வாழ்க்கைப் பாதையாக ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல் வைப்பார்கள். பிறகு பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்லி, எழுதி, வாசித்தும் காட்டுவார்கள். ஷெல்லடி மட்டுமல்ல, ஊர்த் திருவிழாவும் அதில் வரும். முதலில் தூக்கம் குழம்பலாம். வீட்டில் நீங்களாக முயல வேண்டாம்.

தேவி அக்கா:
2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்குப் பிள்ளைகளிடம் இந்த முறையையும் தியானம், தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் நல்ல முன்னேற்றம். கதைக்க மாட்டேன் என்றால் மூச்சுப் பயிற்சியில் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

வன்னிமகள்:
மொழிபெயர்க்க நானே போகட்டா?

குமரன்:
வேண்டாம் தங்கச்சி. மகள் முன்னால் பாதியை விழுங்கிவிடுவார். தெரிந்த ஆட்களும் வேண்டாம். வேறு ஊர்க்காரர் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.