1977 எம்ஜிபி ஜிடி: குரோம் பம்பரும் வி8ம் போடலாமா, வந்தபடியே மீட்கலாமா?

நீலக்கூபே
சனி, இரவு 9.12

வணக்கம். நான் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். போன மாதம் 1977ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். டஹிட்டி நீலம், கறுப்பு ரப்பர் பம்பர், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு. பதினோரு வருஷம் ஒரு கொட்டகையில் நின்ற வண்டி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் எஞ்சின் சுற்றுகிறது, இறுகவில்லை. வீட்டை ஒட்டி ஒற்றை கராஜ் இருக்கிறது. வெல்டிங் செட் வாங்கி மூன்று மாதமாகப் பழைய தகட்டில் கை பழகுகிறேன்.

என் எண்ணம் இதுதான். ரப்பர் பம்பரை எடுத்துவிட்டுப் பழைய மாடல் குரோம் பம்பரும் கிரில்லும் வைக்க வேண்டும். வண்டியைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். 1798 சிசி எஞ்சினுக்குப் பதில் ரோவர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) போட வேண்டும். பழைய மாதிரி, நெம்புகோல் கை வைத்த லீவர் ஷாக்கை (அதிர்வு தாங்கி) எடுத்துவிட்டு, குழாய் வடிவ டெலஸ்கோப்பிக் ஷாக் போட வேண்டும். எல்லாம் வீட்டிலேயே, என் கையாலேயே.

சின்ன வயதிலிருந்து மனதில் இருக்கும் வண்டி இது. எதிலிருந்து தொடங்குவது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவண்டி
சனி, இரவு 10.05

தம்பி, முதலில் வாழ்த்து. அடுத்து, தயவுசெய்து அந்தப் பம்பரில் கை வைக்காதீர்கள்.

அது அழகில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது ஏன் வந்தது என்று பாருங்கள். எம்ஜிபிக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே பம்பர் விதி மாறியதும் 1974 கடைசியில் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை இந்தப் பம்பரை மாட்டியது, விளக்கு உயரத்துக்காக வண்டியை ஒன்றரை அங்குலம் தூக்கியது. அதைச் செய்யாமல் இருந்திருந்தால் 1980 வரை எம்ஜிபி அங்கே விற்றிருக்காது. உங்களிடம் நிற்பது அந்தக் காலத்தின் வண்டி. நாற்பது வருஷமாக எல்லோரும் அதை வெட்டி 1967 மாடல் போல வேஷம் கட்டுகிறார்கள். கை படாத ரப்பர் பம்பர் வண்டியைக் கண்காட்சிகளில் நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இது நட்டைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. முன் விங்கின் (சக்கரத்துக்கு மேலே வரும் பக்கத் தகடு) கீழ்ப்பகுதியும் பின் விங்கின் மூலையும் குரோம் வண்டியில் வேறு மாதிரி. தகட்டை வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஸ்பானர்செட்
சனி, இரவு 11.20

அண்ணை மீது மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன்.

வி8 போடுவது இந்த வண்டிக்கு அந்நியமான காரியமே இல்லை. கென் காஸ்டெல்லோ என்பவர் தனியாக 1970களின் தொடக்கத்திலேயே எம்ஜிபியில் ரோவர் வி8 வைத்து விற்றார். அதைப் பார்த்த பிறகுதான் தொழிற்சாலையே 1973இல் ஜிடி வி8 கொண்டுவந்தது. 3528 சிசி, 137 குதிரைத்திறன், 1976 வரை 2591 வண்டிகள். அந்த எஞ்சின் ப்யூயிக்கிடமிருந்து ரோவர் வாங்கிய அலுமினிய எஞ்சின். இரும்பு நாலு சிலிண்டரோடு ஒப்பிட்டால் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால் வண்டியின் மூக்கு கனக்காது. அதுவும் நீலக்கூபேயின் வண்டி 1977. அந்த மாடலில் ரேடியேட்டர் முன்னால் தள்ளிவிட்டது. வி8 உட்கார இடம் தயாராக இருக்கிறது.

ஒன்றரை அங்குலம் தூக்கியதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். ரவுண்டானாவில் அந்த வண்டி எப்படிச் சாய்கிறது என்று ஓட்டியவனுக்குத் தெரியும். வடிவமைத்தவர்கள் விரும்பிச் செய்ததில்லை, சட்டத்துக்காகச் செய்தது. அந்தச் சட்டம் இந்த வண்டியை இன்று கட்டுப்படுத்தவில்லை.

என் வண்டி இதே மாதிரி மாற்றியதுதான். ஆறு வருஷமாக ஓட்டுகிறேன். போன கோடையில் மனைவியோடு இன்வர்னஸ் வரை போய் வந்தேன். அசல் என்று போர்வை போர்த்தி கராஜில் நிறுத்துவதைவிட இது மேல்.

அம்பத்தூர்டிங்கர்
ஞாயிறு, காலை 7.40

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பம்பரையும் எஞ்சினையும் பற்றிப் பேசுகிறீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) எப்படி இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே?

நான் அம்பத்தூரில் ஒரு டிங்கரிங் ஷெட்டில் தொழில் கற்றவன். அங்கே நிறைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வரும். டிரையம்ப் ஹெரால்டுதான் அது, மெட்ராஸில் செய்தார்கள். ஹெரால்டுக்குச் சேசிஸ் தனி, பாடி தனி. பாடி எவ்வளவு துருப்பிடித்தாலும் கீழே சேசிஸ் தாங்கும். அந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்து வந்து எம்ஜிபியில் கை வைத்தேன், அங்கேதான் தப்பு செய்தேன். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுதான் எலும்பு. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை போகும் அந்தச் சில்தான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுவில் ஒரு தகடு, உள்தகடு, அடியில் ஒரு ரெயில், எல்லாம் சேர்ந்த பெட்டி அது. தண்ணீர் உள்ளே தேங்கி, உள்ளிருந்து வெளியே துரு வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

என் முதல் வண்டியில் கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முன்னால் ரெண்டு பின்னால் ரெண்டு ஸ்டாண்டு கொடுத்து, பழைய சில்லை முழுசாக வெட்டிப் புதுசை வெல்டிங் வைத்தேன். வெல்டிங் அழகாக வந்தது. சாயங்காலம் கதவை மாட்டினேன். கீழே இடைவெளி சரி, மேலே கதவின் பின் ஓரம் பக்கத்துத் தகட்டில் போய் முட்டியது. நடு வண்டி தொங்கிவிட்டது. அதே தொங்கலில் வைத்து வெல்டிங்கும் வைத்துவிட்டேன். புதுச் சில்லை நானே கிரைண்டர் போட்டு வெட்டி எடுத்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் நீலக்கூபே, இன்று மூன்று காரியம் செய்யுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில் நெடுக ஓட்டுங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் (ஃபில்லர்). அப்புறம் அடியில் படுத்து ரெயிலை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கடைசியாக, சில் நடுவில் ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினால் வண்டி வளைகிறது என்று அர்த்தம். அதில் வி8 போடுவது உயிரோடு விளையாடுவது.

நீலக்கூபே
ஞாயிறு, மாலை 6.30

செய்து பார்த்துவிட்டேன். டிரைவர் பக்கம் காந்தம் நன்றாக ஒட்டியது. மறுபக்கத்தில் கதவின் முன்பாதிக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு, காந்தம் வழுக்கிக்கொண்டு போனது. நகத்தால் சுரண்டியதில் பெயின்ட் பொருக்காகப் பெயர்ந்தது. அதற்கடியில் பழுப்புப் பட்டி, பட்டிக்கடியில் ஃபைபர் வலை. வலையைப் பிய்த்தால் உள்ளே செய்தித்தாளை உருட்டி அடைத்திருக்கிறார்கள். தாளை இழுத்ததும் டீத்தூள் மாதிரி துரு கொட்டியது, ஒரு தகர டப்பா நிறைய. ரெயிலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை போய்விட்டது. ஜாக்கி வைக்கப் பயமாக இருந்ததால் வைக்கவில்லை.

விற்றவர் சில் புதுசு என்று சொல்லித்தான் விற்றார். மனசு கனத்துப் போயிருக்கிறது.

அம்பத்தூர்டிங்கர்
ஞாயிறு, மாலை 6.55

மனசு விடாதீர்கள், இது தெரிந்த வியாதி. மேலே தகடு போர்த்தி மறைத்த வண்டிதான் அதிகம். ஜாக்கி வைக்காததும் நல்லதாயிற்று.

கதவைக் கழற்றாதீர்கள், கதவுதான் உங்கள் அளவுகோல். கதவு வாசலில் குறுக்கே ஆங்கிள் இரும்பு கொடுத்துக் கட்டுங்கள். வண்டியின் பாரம் சக்கரம் தாங்கும் இடங்களில் இருக்க வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். ஓரடி வெட்டினால் ஒருமுறை கதவை மூடிப் பாருங்கள். வெல்டிங்கைத் தொடர்ச்சியாக இழுக்காதீர்கள். இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று தாண்டித் தாண்டி வையுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளியும். முன் விங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும், சில்லின் முனை அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்துவிட்டு வேலை தொடங்குங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிந்ததும் உள்ளே மெழுகு அடிக்க மறக்காதீர்கள்.

ஸ்பானர்செட்
ஞாயிறு, இரவு 8.10

டிங்கர் அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எப்படியும் முன் விங் கழலப் போகிறது. பின் விங்கின் அடிப்பகுதியையும் வெட்டித்தான் சில்லின் பின்முனையைப் பிடிக்க முடியும். வெல்டிங் செட் வெளியே இருக்கிறது, பெயின்ட்டும் அடிக்கத்தான் போகிறோம். குரோம் பம்பருக்கு இதைவிட நல்ல நேரம் வராது. இப்போது விட்டுவிட்டு நாலு வருஷம் கழித்து ஆசைப்பட்டால், அடித்த பெயின்ட்டை மறுபடி கிழிக்க வேண்டும். புது விங் வாங்குவதானால் குரோம் மாடல் விங்கையே வாங்கலாமே. எதை வெட்டி வீணாக்கினோம்?

பழையவண்டி
ஞாயிறு, இரவு 9.00

விங் விஷயத்தில் சொன்னது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். புது விங் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழைய விங்கைப் பரணில் போட்டு வைக்கலாம், ஒன்றும் அழியாது. பின்மூலைதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் வி8 அப்படி இல்லை. தொழிற்சாலை வி8 வண்டியை எடுத்துக்காட்டுச் சொன்னீர்கள். அவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. சாதாரண எம்ஜிபியின் பின் ஆக்ஸில் விகிதம் (பின் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) 3.909, வி8க்கு 3.07 வைத்தார்கள். பிரேக்கையும் பலப்படுத்தினார்கள். எஞ்சினை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மோட்டார்வேயில் போனால் எஞ்சின் சும்மா கத்தும், பிரேக் திணறும். கியர்பாக்ஸ், கிளட்ச், எக்ஸாஸ்ட், கூலிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒற்றை கராஜில் முதல் வண்டி செய்கிறவருக்கு இது மலை. பாதியில் நின்று, பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வரும் எம்ஜிபிகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் வயிறு எரிகிறது.

ஷாக்கும் அப்படித்தான். முன்பக்கத்து லீவர் ஷாக் வெறும் ஷாக் இல்லை, அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். அதைத் தூக்கிவிட்டு டெலஸ்கோப்பிக் போடுவது பெரிய வேலை. ஒழுங்காகப் பழுது பார்த்த லீவர் ஷாக்கும், 3000 மைலுக்கு ஒருமுறை கிங்பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சு) கிரீஸும் கொடுத்துப் பாருங்கள். சாய்கிறது, குதிக்கிறது என்ற குறை பாதி போய்விடும். பின்பக்கம் வேண்டுமானால் டெலஸ்கோப்பிக் போடுங்கள், போல்ட்டில் மாட்டுவது, கழற்றினால் பழையபடி ஆகிவிடும்.

ஸ்பானர்செட்
ஞாயிறு, இரவு 9.25

ஆக்ஸிலும் பிரேக்கும் சொன்னது உண்மை. நான் ரெண்டையும் மாற்றினேன், முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு நண்பரின் ரெட்டை கராஜும் எஞ்சின் தூக்கும் கருவியும் கிடைத்தன. தனியாகச் செய்திருந்தால் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

ஆனாலும் வி8 வேண்டவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். ரப்பர் பம்பரோடு வி8 அபிங்டனிலிருந்தே வந்திருக்கிறது. அதை மீறல் என்று எப்படிச் சொல்வது?

தையல்ஊசி
திங்கள், காலை 6.50

ஒரு சின்ன விஷயம். 1977 மாடல் என்றால் சீட் துணி அந்தக் கோடு போட்டதுதானே, கடற்கரை நாற்காலித் துணி மாதிரி? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு லெதர் போடாதீர்கள். நான் சீட் தைக்கிறவள், என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கிழித்து எறிந்துவிட்டுப் பிறகு தேடுகிறார்கள். வெயில் படாத இடத்தில், சீட்டின் பின்புறத்தில், நிறம் அப்படியே இருக்கும். கிழிந்த இடத்துக்கு மட்டும் அங்கிருந்து துணி எடுத்து ஒட்டுப் போடலாம். உள்ளே ஸ்பாஞ்ச்தான் பொடிந்திருக்கும், அதை மாற்றினால் போதும்.

பழையவண்டி
திங்கள், காலை 7.30

அம்மா, நன்றி. இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி, இன்னும் ரெண்டு. பதினோரு வருஷம் நின்ற வண்டி என்றால் பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது), பழைய ரப்பரை அது தின்னும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய் போட்டுவிட்டு, எத்தனால் குறைந்த இ5 பெட்ரோல் அடியுங்கள். 40 வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி (இங்கே வருஷா வருஷம் செய்யும் வண்டிப் பரிசோதனை) பொதுவாகக் கட்டாயம் இல்லைதான், ஆனால் முதல் ஓட்டத்துக்கு முன்னால் நீங்களாகவே ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் வெல்டிங்கை இன்னொருவர் கண் பார்க்க வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

நீலக்கூபே
புதன், இரவு 10.40

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு நாளாக இதையேதான் யோசித்தேன்.

முதலில் சில், ரெண்டு பக்கமும். அதற்குப் பிறகு 1798 சிசி எஞ்சினை ஓட வைத்து, அடுத்த கோடையில் வண்டியை ரோட்டில் இறக்குவேன். வி8 இப்போதைக்கு இல்லை. முன் லீவர் ஷாக்கைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டேன், பின்னால் டெலஸ்கோப்பிக். சீட் துணியைத் தொட மாட்டேன். தையல்ஊசி சொன்னபடி பின்புறம் பிரித்துப் பார்த்தேன், ஆரஞ்சுக் கோடு புதுசு மாதிரி இருக்கிறது.

பம்பர் விஷயத்தில் பழையவண்டி அண்ணை பக்கம் போகிறேன். ஸ்பானர்செட் சொன்ன கணக்கு சரிதான், இப்போது செய்தால்தான் செலவு குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முன் பம்பரைக் கழற்றி, கழுவி, கறுப்புத் தைலம் தேய்த்து வெயிலில் வைத்தேன். சாம்பல் பூத்துக் கிடந்தது கருகருவென்று வந்தது. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வெட்ட மனசு வரவில்லை.

ஸ்பானர்செட்
புதன், இரவு 11.05

எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் உங்கள் வண்டி. தாழ்த்தும் ஸ்பிரிங்காவது போடுங்கள், அது கழற்றக்கூடியது. சில் வெட்டும் சனிக்கிழமையைச் சொல்லுங்கள். நார்தாம்ப்டனிலிருந்து அரை மணி நேரம், என் கிரைண்டரோடு வருகிறேன்.

அம்பத்தூர்டிங்கர்
வியாழன், காலை 6.15

வெட்டுவதற்கு முன் கதவு வாசலைக் கோணத்துக்குக் கோணம் குறுக்காக அளந்து, ரெண்டு பக்கத்து அளவையும் இங்கே போடுங்கள். கதவு இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் மில்லிமீட்டரில் எழுதுங்கள். நான் பார்த்துச் சொன்ன பிறகு கிரைண்டரைத் தொடுங்கள்.