கேட்டகரி 3 வரைக்கும் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

கயல்:
அக்கா குடும்பம் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரைக்குக் குடிபோயிருக்கிறது. வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிகேன் எனும் கடும் புயல்களின் காலம் என்பதால் எனக்கு இப்போதே கவலை வந்துவிட்டது. அத்தானிடம் கேட்டால், "கேட்டகரி 4, 5 வந்தால் கிளம்பிவிடுவோம், 3 வரைக்கும் பயமில்லை, இது கான்கிரீட் வீடு" என்கிறார். அது சரியில்லை என்று மனதுக்குப் படுகிறது, ஆனால் எதைச் சொல்லி மறுப்பது என்று தெரியவில்லை. அந்த நம்பர் உண்மையில் எதைக் காட்டுகிறது? அப்புறம், புயல் கணிப்பு வரைபடத்தில் கூம்பு மாதிரி ஒன்று போடுகிறார்களே, வீடு அதற்கு வெளியே இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

நெய்தல்:
அந்த நம்பர் காற்றின் வேகத்தை மட்டும்தான் காட்டுகிறது. ஹெர்பர்ட் சாஃபிர் என்ற பொறியாளரும் ராபர்ட் சிம்ப்சன் என்ற வானிலை நிபுணரும் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அளவுகோல் அது. மணிக்கு 119 கி.மீ. தொட்டால் 1, 252 கி.மீ. தொட்டால் 5. முன்பெல்லாம் ஒவ்வொரு கேட்டகரிக்கும் கடல் எத்தனை அடி ஏறும் என்றும் சேர்த்துப் போடுவார்கள். அது சரியாக வராததால் 2010ல் எடுத்தே விட்டார்கள்.

கத்ரீனா புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கேட்டகரி 5 ஆக இருந்தது, 2005 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவில் கரையைக் கடந்தபோது 3க்கு இறங்கியிருந்தது. ஆனால் காற்று குறைந்தாலும் அது அதுவரை தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் குறையவில்லை. மிசிசிப்பி கரையில் கடல் 8 மீட்டருக்கு மேல் ஏறியது, நியூ ஆர்லியன்ஸில் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து ஊரில் 80 சதவீதம் மூழ்கியது. உங்கள் அத்தான் பயப்படாத அதே 3தான் அது.

ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. கான்கிரீட் சுவர் காற்றைத் தாங்கலாம், தரைத்தளத்துக்குள் கழுத்தளவு கடல் வந்துவிட்டால் சுவர் நிற்பதில் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன பயன்? 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்கள் நேரடியாகப் பலிகொண்டவர்களில் 10க்கு 9 பேர் தண்ணீரால் இறந்தவர்கள், அதில் பாதிக்கும் மேல் இப்படிக் கடல் ஏறியதால். ஃப்ளோரிடாவின் மேற்குப் பக்கம் கடல் வெகுதூரத்துக்கு ஆழமில்லாமல் கிடப்பதால், காற்று தள்ளும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் கரை மேல்தான் ஏறும்.

வடகிழக்கு:
கூம்பைப் பற்றி நான் சொல்கிறேன். அது புயலின் அகலம் இல்லை. புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்கான வரம்பு, அவ்வளவுதான். கடந்த 5 வருடக் கணிப்புகள் எவ்வளவு தவறின என்று பார்த்து, மூன்றில் இரண்டு தடவை மையம் உள்ளே விழும் அளவுக்கு வட்டம் போட்டு வரைகிறார்கள். அப்படியென்றால் மூன்றில் ஒரு தடவை மையமே வெளியே போகலாம். காற்றும் மழையும் எப்படியும் கூம்பைத் தாண்டித்தான் வீசும்.

2022ல் இயன் புயல் வந்தபோது பல நாட்கள் எல்லோர் கண்ணும் அந்த மேற்குக் கரையில் உள்ள டாம்பா நகரம் மேல்தான் இருந்தது. கடைசியில் அது சுமார் 150 கி.மீ. தெற்கே, ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் கரையைக் கடந்தது. அந்தக் கரைக்குக் கிட்டத்தட்ட இணையாகப் புயல் வரும்போது பாதை கொஞ்சம் திரும்பினாலே கரையைத் தொடும் இடம் எங்கேயோ போய்விடும். வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் அது போகிற திசைக்கு வலப்பக்கம் தண்ணீரைக் கரைக்குள் தள்ளும், இடப்பக்கம் வெளியே இழுக்கும். அதனால் டாம்பா விரிகுடாவில் தண்ணீர் வற்றித் தரை தெரிந்தது, அதே நாளில் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் வீடுகள் அடித்துக்கொண்டு போயின.

கயல்:
இவ்வளவு செயற்கைக்கோள் இருந்தும் ஏன் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை?

வடகிழக்கு:
பாதையை நன்றாகவே சொல்கிறார்கள். 3 நாள் முன்னதாகச் சொல்லும் பாதையில் 1990ல் இருந்த பிழை இப்போது பாதிகூட இல்லை. புயலைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டங்கள்தான் அதை நகர்த்துகின்றன, அவற்றைக் கணினி மாதிரிகள் நன்றாகப் பிடித்துவிடும். கஷ்டம் வலுவைச் சொல்வதில்தான். 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடலிலிருந்து எழும் நீராவி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலுக்குத் தீனி. அந்தத் தீனி எவ்வளவு சேரும் என்பது புயலின் கண்ணை, அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதியைச் சுற்றியுள்ள மேகச் சுவருக்குள் நடக்கிற விஷயம், செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இன்றும் விமானத்தில் புயலுக்குள்ளேயே பறந்து, பாராசூட் கட்டிய கருவிகளைப் போட்டு அளக்கிறார்கள். அந்த விமானிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், கரையைத் தொடுவதற்கு ஒரு நாள் முன்புகூட ஹரிகேன் ஆகவில்லை, தொட்டபோது கேட்டகரி 5. எந்த மாதிரியும் அதைச் சொல்லவில்லை. "4 வந்தால் கிளம்புவோம்" என்று காத்திருப்பவருக்கு அந்த 4 ராத்திரி தூக்கத்தில் வந்துவிடலாம்.

மணல்திட்டு:
சகோ, நான் ஒரு புயலை வீட்டுக்குள் இருந்தே கடந்தவன். கண் பகுதி வந்தபோது காற்று நின்று வானம் வெளுத்தது, முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். அரை மணி நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து முன்பைவிட மோசமாக அடித்தது. அத்தானிடம் கேட்டகரியை வைத்து வாதாடாதீர்கள். ஃப்ளோரிடாவில் கடலோர மாவட்டங்களில் வெளியேற்ற மண்டலங்களை A, B, C என்று பிரித்திருக்கிறார்கள், முகவரியைப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். A என்றால் முதலில் கிளம்பச் சொல்வார்கள், சொன்னதும் கிளம்ப வேண்டும். இன்னொன்று, திரும்பி வந்து ஜெனரேட்டர் போட்டால் வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கவே கூடாது. புயலில் தப்பியவர்கள் அந்தப் புகையில் செத்திருக்கிறார்கள்.

கயல்:
முகவரியைப் போட்டுப் பார்த்தேன், A. ஸ்கிரீன்ஷாட்டை அக்காவுக்கே அனுப்பிவிட்டேன். உள்ளே 60 கி.மீ. தள்ளி அத்தானின் நண்பர் வீடு இருக்கிறதாம், மேடான இடமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.