தாடை ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடியில் அப்பாவைக் காணோம்

செல்லூர்க்காரன்:
வயது 31. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கீழ்த்தாடை துருத்தி இருந்ததால் முன்பற்கள் சேராது, வடையைக்கூடக் கடைவாயில்தான் கடிப்பேன். ஒன்றரை வருடம் கம்பி போட்டு, அப்புறம் தாடை எலும்பை அறுத்து, பின்னால் தள்ளி, டைட்டானியம் தகடு வைத்துப் பொருத்தினார்கள். ஏழு வாரம் ஆகிறது. கடி சரியாகிவிட்டது, அதில் குறையே இல்லை.

ஆனால் "அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்று கேட்டே வளர்ந்தவன் நான். அப்பா போய் நான்கு வருடம். அந்தத் தாடை அவருடையது. இப்போது ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிறார்கள். கீழுதடு மரத்தே கிடக்கிறது. நேற்று பருத்திப்பால் குடித்தபோது, வழிந்து சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் "அழகாயிட்டே" என்கிறார்கள். கேட்டாலே அழுகை வருகிறது. நானே ஆசைப்பட்டுச் செய்துகொண்டது, யாரிடம் சொல்ல? உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?

திருமங்கலம் அக்கா:
இருந்தது தம்பி. எனக்கு 34 வயதில் செய்தார்கள். முதல் மாதம் பீரோ கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். இப்போது நீங்கள் பார்ப்பது முடிந்த முகம் இல்லை. மிச்ச வீக்கம் வடிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். உதட்டுக்குப் போகும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்தான் ஓடுகிறது, ஆபரேஷனில் அது இழுபடும். எனக்கு நான்காம் மாதம் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்ச்சி வந்தது. முகவாயில் ஒரு பொட்டு அளவு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. சிலருக்கு முழுசாகத் திரும்பாது, அதை மறைக்க மாட்டேன். காபி, டீயை விரலால் தொட்டுப் பார்த்துக் குடியுங்கள், உதடு வெந்தாலும் தெரியாது.

மேலூர் நர்ஸ்:
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்களே அழுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். அது நன்றிகெட்டதனம் இல்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

செல்லூர்க்காரன்:
நன்றி அக்கா, சிஸ்டர். ராத்திரி அப்பத்தாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். லைட்டுக்குக் கீழே உட்காரவைத்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "காது அவன் காதுதான்டா, நெத்தியும்" என்றது. தாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தது.