அந்தமானிலிருந்து ஊர் திரும்பிய நாள்: ஹேவ்லாக் ஜெட்டி முதல் சென்னை வரை

அந்தமான் சென்று வந்தவர்கள் ராதாநகர் கடற்கரையைப் பற்றியும் செல்லுலார் சிறையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஊர் திரும்பும் நாளைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. சென்ற மார்ச் மாதத் தொடக்கத்தில் குடும்பத்தோடு போய்வந்த எனக்கு, அந்தக் கடைசி ஒரு நாளில் சந்தித்த மனிதர்கள்தாம் பயணத்தின் மற்ற எல்லா நாட்களையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தார்கள் என்பதால், அதை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஹேவ்லாக்கில் (2018 டிசம்பரிலிருந்து அதிகாரப்பூர்வமாக ஸ்வராஜ் தீவு, ஆனால் ஜெட்டியில் எல்லோரும் ஹேவ்லாக் என்றே சொல்கிறார்கள்) என் மைத்துனருக்கு ஸ்கூபா டைவிங் மிகவும் பிடித்துப்போய்விட்டது. தொடர்ந்து சில நாட்கள் கடலுக்குள் இறங்கியவர், புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையிலும் ஒருமுறை இறங்கிவிட்டு மறுநாள் காலை விமானம் ஏறலாம் என்று ஆசைப்பட்டார். பயிற்சியாளராக இருந்த கரேன் இன இளைஞர் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. 1925 வாக்கில் பர்மாவிலிருந்து வந்து மத்திய அந்தமானில் குடியேறிய மக்களின் வழித்தோன்றல் அவர், கடலை நன்கறிந்தவர். கூடுதல் பணம் தருவதாகச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டு, காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். ஆழத்தில் அழுத்தத்துடன் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து நிற்கும். அது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவாக இருக்குமாதலால், சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழிகள் கிளம்புவதுபோல உடலுக்குள் குமிழிகள் கிளம்பி மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும். ஒரே ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழிமுறை. தன்னிடம் வருபவர்களுக்கு 24 மணி நேரம் என்றே வைத்திருப்பதாக அவர் சொன்னார். வருமானத்தை விட்டுக்கொடுத்து முன்பின் தெரியாத ஒருவரின் உடல்நலத்தைக் காத்த அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மதியப் படகிலேயே போர்ட் பிளேர் திரும்பினோம். காலைப் படகில் வந்து அன்று மதியமே விமானம் பிடிக்கும் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காற்று பலமாக வீசினால் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். தீவிலிருந்து வெளியேற வேறு எளிய வழி கிடையாது.

போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியிருக்கிறது) மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது. கடிகாரம் நம் ஊர் நேரத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 பாகை தள்ளியிருப்பதால் அங்கே சூரியன் சுமார் 50 நிமிடம் முன்னதாகவே எழுந்து, முன்னதாகவே அடங்கிவிடுகிறது. இருட்டிய பிறகு அபர்டீன் பஜாரில் சுற்றிக்கொண்டிருந்தபோது, தமிழ்க் குரல் கேட்டு ஒரு சிறிய சிற்றுண்டிக் கடைக்குள் நுழைந்தோம். கடையை நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். "மெயின்லாந்துக்கு எப்பம்மா கிளம்புறீங்க?" என்று என் மனைவியிடம் கேட்டபடியே சூடான இட்லியையும் தேங்காய்ச் சட்னியையும் கொண்டுவந்து வைத்தார். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து கட்டட வேலைக்காக வந்தவர். இவர் பிறந்தது, மணமுடித்தது, பேரப்பிள்ளைகளைக் கண்டது எல்லாம் போர்ட் பிளேரில்தான்.

நாளைக் காலை விமானம், இரண்டேகால் மணி நேரத்தில் சென்னை என்று நான் சொன்னதும், தன் சிறுவயதுக் கப்பல் பயணங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சென்னைத் துறைமுகத்துக்கு இன்றைக்கும் கப்பல் போகிறது. போய்ச் சேர மூன்று நாட்கள் வரை ஆகும். அடித்தளத்துப் படுக்கை வரிசையில் அம்மாவின் மடியில் தலைவைத்து, குமட்டல் வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கிடந்ததையும், கரை தெரிகிறது என்று யாரோ கூவியதும் பிள்ளைகள் எல்லாம் மேல்தளத்துக்கு ஓடியதையும் அவர் சொன்னபோது, எங்கள் மகள் சாப்பிடுவதையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமோ சாவோ, செய்தி கிடைத்து, கப்பல் பிடித்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் பல நேரம் எல்லாம் முடிந்திருக்குமாம். நமக்கு விடுமுறை முடிந்து திரும்பும் ஊர், அவருக்கு இத்தனை கடல் தாண்டி எப்போதாவது போய்வரும் சொந்த ஊர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நகரத்தில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள், வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. ஒரு மாலையையாவது அவர்களோடு பேசிக் கழியுங்கள் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை விமான நிலையத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் கோவையைச் சேர்ந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்களுடைய பை ஊடுகதிர்ப் பெட்டியைக் கடந்ததும், பாதுகாப்புப் பணியிலிருந்த பெண் காவலர் அதைத் தனியே எடுத்து வைத்துத் திறக்கச் சொன்னார். ஏழெட்டு வயதுச் சிறுவன் கடற்கரைகளில் பொறுக்கிய கிளிஞ்சல்களும் வெளுத்த பவளத்துண்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. இறந்த பவளமானாலும் எடுத்துச் செல்லக் கூடாது. பவளங்களும் பலவகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கடையில் வாங்கிய சங்குப் பொருளென்றாலும் உரிய ரசீது வேண்டும். அந்தக் காவலர் குரலை உயர்த்தவே இல்லை. இந்தியில் அவர் சொன்னதை அருகிலிருந்த ஊழியர் ஒருவர் தமிழில் சிறுவனுக்குச் சொல்ல, அவன் கண் கலங்க நின்றான். டப்பாவிலிருந்தவற்றைத் தட்டில் கொட்டியபோது, கட்டைவிரல் நகமளவே இருந்த ஒரு பழுப்புநிறச் சங்கு அசைந்தது. முதலில் இரண்டு மெல்லிய கால்கள் வெளியே வந்து தட்டின் வழவழப்பைத் தடவிப் பார்த்தன. பிறகு மிளகு போன்ற கண்களோடு ஒரு துறவி நண்டு தலைநீட்டி, சங்கையும் இழுத்துக்கொண்டு ஓரத்தை நோக்கி நகர்ந்தது.

அந்தச் சிறுவன் அழுகையை நிறுத்திவிட்டான். "இதுக்கு வீடு இதுதானா?" என்று கேட்டான். ஆமாம், வளர வளரப் பெரிய சங்காகத் தேடி மாறிக்கொள்ளும், கரையில் சங்கு இல்லையென்றால் மாறுவதற்கு வீடே இருக்காது என்று அந்த ஊழியர் சொன்னார். வேலை முடிந்து போகும்போது கடற்கரையில் விட்டுவிடுவதாகச் சொல்லி, நண்டை ஒரு காகிதக் கோப்பையில் ஏந்தி எடுத்துப் போனார். எந்த அறிவிப்புப் பலகையும் ஒரு குழந்தைக்கு இவ்வளவு தெளிவாகப் புரியவைத்திருக்காது. பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பொறுக்கியதையெல்லாம் கடற்கரையிலேயே வரிசையாக அடுக்கிப் படமெடுத்துக்கொண்டு, பிள்ளைகள் கையாலேயே அலைக்கருகில் திருப்பி வைக்கச் செய்யுங்கள்.

விமானம் மேலெழுந்தபோது தீவுகளைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பவளத்திட்டுகள் தெரிந்தன. சிறிது நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது. சென்னையில் இறங்கிப் பெட்டிகளுக்காகக் காத்திருந்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு மூன்று நாட்கள் எல்லோருக்கும் அதிகாலையிலேயே விழிப்பு வந்தது, மாலை ஆறு மணிக்கே பசித்தது.

அடுத்த முறை நீல் தீவையும் சேர்த்துப் பார்க்க நினைத்திருக்கிறோம். டைவிங்கைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துக்கொண்டு, கடைசி இரவைப் போர்ட் பிளேருக்கென்றே ஒதுக்குவதாக இப்போதே முடிவு செய்துவிட்டோம். அந்த அம்மா கேட்ட ராமநாதபுரம் மிளகாய் வற்றலையும் கொண்டுபோக வேண்டும்.