ரைபோசோமில் முந்தியது ஆர்.என்.ஏவா, புரதமா?

வாலிநோக்கத்தான்:
நம் உப்பளங்களில் உப்பு விளையும் தறுவாயில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாகக் காரணமான உப்புவிரும்பி ஆர்க்கியாக்களின் (பாக்டீரியா அல்லாத தனிக்கிளை நுண்ணுயிர்களின்) உறவுயிர் ஒன்று சாக்கடலில் உண்டு. ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுய் எனப்படும் அதன் ரைபோசோமில், அதாவது உயிரணுவில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் பொறியில், இரு பகுதிகளுள் பெரியதான துணையலகின் அணுநிலை வடிவத்தைத் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். அமினோ அமிலங்கள் பிணைக்கப்படும் மையத்தைச் சுற்றி ஏறத்தாழ 18 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) புரதமே இல்லை, இருப்பதெல்லாம் ஆர்.என்.ஏ. ஆகவே, ஆதியில் இந்தப் பொறி வெறும் ஆர்.என்.ஏவாகவே இருந்தது, புரதங்கள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன என்பது என் துணிபு.

தொண்டி ஆசிரியை:
ஐயா, பாத்தியின் நிறத்தில் துனாலியெல்லா பாசிக்கும் பங்குண்டு, அது கிடக்கட்டும். மையத்தில் இன்று புரதம் இல்லை என்பதிலிருந்து, தொடக்கத்தில் அருகே எந்தப் புரதத் துண்டும் இருந்ததில்லை என்ற முடிவு எப்படிக் கிடைக்கும்? தாங்கள் காட்டும் அதே வடிவத்தில், பல ரைபோசோம் புரதங்களின் நீண்ட வால்கள், தமக்கென மடிந்த உருவம் இல்லாமல், ஆர்.என்.ஏவின் மடிப்புகளுக்குள் ஆழமாக நுழைந்திருக்கின்றன. ஆர்.என்.ஏவைத் தாங்கிப்பிடித்த பழங்காலக் குறும்பெப்டைடுகளின் (சில அமினோ அமிலங்களே கொண்ட சிறு சங்கிலிகளின்) எச்சமாக அவற்றைக் கருத இடமுண்டு. மேலும், அமினோ அமிலங்களை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் ‘கடத்தி ஆர்.என்.ஏ’வில் (tRNA) உரிய அமினோ அமிலத்தை ஏற்றும் நொதிகள், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு வகுப்புகளைச் சேர்ந்த புரதங்கள். அவை இல்லாமல் மரபுக் குறியீட்டை வாசிப்பது யார்?

வாலிநோக்கத்தான்:
அந்த ஏற்றும் வேலையை ஆர்.என்.ஏவும் செய்யும் அம்மா. ஹிரோஆகி சுகா குழுவினர் உருவாக்கிய ஃப்ளெக்சிசைம் என்ற செயற்கை ஆர்.என்.ஏ அதற்குச் சான்று. அதைவிட வலுவானது ஒப்பீடு. பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கருவுயிர் என்ற மூன்று பேருலக உயிர்களுக்கும் பொதுவான ரைபோசோம் புரதங்கள் 30க்குச் சற்று மேல். ஆர்க்கியாவுக்கும் நம்மைப் போன்ற உட்கருவுயிர்களுக்கும் மட்டும் பொதுவானவை ஏறத்தாழ அதே அளவு. பாக்டீரியாவிடம் அவை கிடையாது. கிளைக்குக் கிளை புரதங்கள் கூடிக்கொண்டே போக, ஆர்.என்.ஏ மையம் மட்டும் எங்கும் மாறாதிருப்பது, எது மூத்தது என்பதைக் காட்டவில்லையா?

தொண்டி ஆசிரியை:
கிளைகள் பிரிந்த பிறகு நடந்ததை மட்டுமே அது காட்டுகிறது. பொதுவான அந்த 30 சொச்சம் புரதங்கள் பிரிவுக்கு முன்பே இருந்தவை அல்லவா? ஃப்ளெக்சிசைமும் மனிதர் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்தது. அப்படி ஒன்று இயலும் என்பதற்குச் சான்றாகுமே தவிர, ஆதியில் இருந்ததற்கு ஆகாது.

வாலிநோக்கத்தான்:
ரைபோசோம் ஆய்வாளர் அதா யோனத் முன்வைத்த, ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளாலான இரட்டைச் சமச்சீர் மையத்தைப் போன்ற சிறு ஆர்.என்.ஏ இணைகள், புரதத்தின் உதவியின்றியே பெப்டைடுப் பிணைப்பை உண்டாக்குவதை 2022இல் ஆய்வகங்கள் காட்டிவிட்டன.

தொண்டி ஆசிரியை:
பிணைத்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எந்த அமினோ அமிலத்திற்கு அடுத்து எது என்ற வரிசையைச் சுமந்துவரும் ‘செய்தி ஆர்.என்.ஏ’வைப் (mRNA) படித்து அவை பிணைக்கவில்லை. அந்தப் படிக்கும் திறன் புரதத் துணையின்றி உருவானது என்பதற்கான சான்றைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.