புதுப்பிப்பு: வட்டாரக் கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள்

வவுனியாவில் எங்கள் வட்டாரக் கூட்டத்துக்கு ஏன் அதே நாலு பெரியவர்கள் மட்டும் வருகிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் என்று எல்லோரும் கலந்திருக்கிற இடம் இது. நீங்கள் சொன்ன யோசனைகளில் சில சரிவந்தன.

காலைக் கூட்டத்தை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றினோம். கூலி வேலைக்குப் போகிறவர்களும் வந்தார்கள். அறிவித்தலை இரு மொழியிலும் எழுதி கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றுக்கும் கொடுத்தோம். அப்புறம், தலைமையுரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக வாய்க்கால் பிரச்சினைக்குப் போனோம். மாரியில் யார் வீட்டு முற்றத்தில் முதலில் வெள்ளம் ஏறும் என்று ஒரு அக்கா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் சிங்களக் கடைக்காரர் ஒருவர், அடைபட்ட மதகு எதுவென்று விரலை வைத்தார்.

அந்த வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்கப்பட்டதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறோம். தகவலைத் தருவார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அதிகாரிகள் சொல்ல வேண்டும். இளம் பிள்ளைகள் வரவு இன்னும் குறைவுதான். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சிங்கங்கள். பதில் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.